வாத்தியார் மூக்கில் போடாத ஓட்டை

எங்கள் தேசிய கால்பந்து அணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் அத்தானைப் பற்றித்தான் சொல்வேன். அவர் ஆட்டக்காரர் இல்லை. பந்தை உதைத்ததாக அவர் மேல் எந்தப் புகாரும் கிடையாது. மைதானத்தின் கிழக்கு முனையில், கோல் கம்பத்துக்குப் பின்னால், இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும் தகரப் பலகையில் ஸ்கோர் மாட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே வேலை. அத்தனை வருடத்தில் அந்த மைதானத்துக்குள் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவர்தான் என்று நான் யாரிடமும் பந்தயம் கட்டுவேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவர்கள் கல்யாணத்தின்போது நான் அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது "ஸ்டேடியத்தில்" என்று அப்பா கம்பீரமாகச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். யாரும் மேற்கொண்டு தோண்டவில்லை. அணி ஜெயித்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டேடியம் என்ற சொல்லுக்கே ஒரு மவுசு இருந்தது. இன்றைக்கு ஒருவன் அப்படிச் சொல்லிக்கொண்டு பெண் பார்க்கப் போனால் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

நடுவில் மின்சாரப் பலகை ஒன்றும் வாங்கினார்கள். திறப்பு விழாவில் பளிச்சென்று எரிந்தது. அடுத்து வந்த மழையில் அணைந்தது. பழுது பார்க்க ஒரு சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். எட்டு வருடமாக அது வந்துகொண்டேயிருக்கிறது. ஆகவே மறுபடியும் தகரப் பலகை, மறுபடியும் அத்தான்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். பலகைக்குப் பின்புறம் இரும்புச் சட்டத்துக்கு நடுவில் ஓர் ஏணி, ஏணி முடிகிற இடத்தில் ஒரு மரப்பலகை. அதன் மேல்தான் ஆட்டம் முடியும்வரை அவர் நிற்பார். எண்கள் எழுதிய தகடுகளை நீளக் கொக்கிக் கம்பால் தூக்கித் தலைக்கு மேலே மாட்ட வேண்டும். மாட்டுகிற இடத்தின் வழியாகப் பார்த்தால் வானம்தான் தெரியும். மைதானத்தைப் பார்க்க அவர் முகத்துக்கு நேராகச் சாப்பாட்டுப் பெட்டி அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. முன்னால் உட்கார்ந்து பார்க்கும் எங்களுக்கு நம் அணி இடது பக்கம். பின்னால் நிற்கும் அவருக்கு அது வலது கை. "சாப்பிடுற கை நம்ம கை" என்று முதல் நாளே மனதில் பதித்துக்கொண்டாராம். ஒரு முறைகூடத் தப்பாக மாட்டியதில்லை.

ஜன்னல் இருந்தாலும் அவர் முதலில் நம்பியது காதைத்தான். கூட்டம் கத்தினால் நம் கோல், கப்சிப் என்று அடங்கினால் எதிரணி கோல். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் ஒரு சத்தம், நடுவர் கோலை மறுத்தால் வேறு சத்தம். எல்லாம் அவருக்கு அத்துபடி. சத்தம் கேட்டதும் கை தகட்டுக்குப் போய்விடும், கண் அப்புறம்தான் ஜன்னலுக்குப் போய்ச் சரிபார்க்கும். ஜனங்களின் தொண்டையில் வருகிற ஸ்கோர் தொலைக்காட்சியில் வருவதற்கு முன்னாலேயே தனக்கு வந்துவிடும் என்று பெருமையாகச் சொல்வார். அவர் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அணி எப்படிச் சரிந்தது என்று பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அத்தானின் தகடுகளைப் பார்த்தாலே போதும். எதிரணியின் ஒன்றும் இரண்டும் மாட்டி மாட்டிப் பெயின்ட் உரிந்து, மூன்று தடவை புதுசாக அடித்தாகிவிட்டது. நம் அணியின் மூன்று, கடையில் வாங்கின நாளில் இருந்த மாதிரியே பளபளக்கிறது. ஒரு காலத்தில் நம் ஆட்கள் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டபோது ஐந்தாம் எண் எங்கே என்று அத்தான் கிடங்கைத் தலைகீழாகப் புரட்டினாராம். இப்போது அந்த ஐந்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார். நம் அணியின் பூஜ்யத்தை மட்டும் கழற்றுவதேயில்லை. இதனால் மைதான ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் முட்டை. "முட்டை அண்ணே, இன்னைக்கு மாத்துவீங்களா?" என்று கேட்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். நம் அணியின் ஒன்றாம் எண்ணை ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துத் தயாராகச் சாய்த்து வைத்திருப்பார்.

இந்த நிலைக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர் பயிற்சியாளர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பாடம் வாத்தியார். தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் நிருபர்கள் முன் உட்கார்ந்து "இது எங்களுக்கு ஒரு பாடம்" என்பார். மூன்று வருடத்தில் இருபத்திரண்டு பாடம். இவ்வளவு படித்த அணி உலகத்தில் வேறெங்கும் இருக்க முடியாது. எங்கள் மார்க்கெட் தெருவில் காலை நேரத்தில் நிற்கும் கூட்டம்கூட இல்லாத ஒரு தீவு நாடு வந்து மூன்று கோல் போட்டுவிட்டுப் போனது. அவர்களுடைய கோல்கீப்பர் ஒரு பல் டாக்டர். மறுநாள் காலையில் நோயாளிகள் காத்திருப்பார்கள் என்று இடைவேளையிலேயே மணி பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்கும் வாத்தியார் புல் நீளமாக இருந்தது என்றார். அதற்கு முந்தின ஆட்டத்தில் புல் குட்டையாக இருந்தது.

அவரிடம் தோல் அட்டை போட்ட ஒரு நோட்டு உண்டு. ஆட்டம் தொடங்கினதும் தலையைக் குனிந்து அதில் அம்புக்குறிகளாகப் போட்டுத் தள்ளுவார். மைதானத்தில் பந்து ஒரு பக்கம் போகும், அம்பு வேறு பக்கம் போகும். இரண்டு உதவிப் பயிற்சியாளர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆமாம் போடுவார்கள். ஆட்டத்தின்போது அவரிடம் கேள்வி கேட்கும் வீரர் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இவ்வளவு தோற்ற பிறகும் அவருக்கு விளம்பரப் படம் கிடைத்தது. ஒரு மெத்தைக் கம்பெனி அவர் முகத்தை ஆளுயரத்துக்குப் போட்டு, நாடே நிம்மதியாக உறங்கட்டும் என்று எழுதியது. வேறு யாரைப் போட்டிருந்தாலும் அந்த வாசகம் அவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

அந்த விளம்பரத் துணியைக் கொண்டுபோய் அத்தானின் பலகையில் எண்களுக்குக் கீழே கட்டினார்கள். ஜன்னல் மூடிவிட்டது. அத்தான் கால்பந்துச் சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதினார், துணியில் ஜன்னல் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டால் போதும் என்று. அளந்து பார்த்தார்கள். ஓட்டை சரியாக வாத்தியாரின் மூக்கில் விழுந்தது. மெத்தைக் கம்பெனி முடியாது என்றுவிட்டது. அத்தான் இரண்டாவது கடிதம் எழுதினார், ஒரு நாசித்துவாரம் மட்டும் கிடைத்தால்கூடச் சமாளித்துக்கொள்வேன் என்று. அதற்குப் பதிலே இல்லை. கீழே நின்று கோல் சொல்ல முன்பு இருந்த உதவி ஆளையும், வீரர்களுக்கு மனவலிமை கற்றுத்தரும் நிபுணரை நியமித்தபோது சிக்கனம் என்று நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கி போன வருடமே ஊமையாகிவிட்டது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது அத்தான் என்னிடம் சொன்னார். நாசித்துவாரம் என்று அவர் சொன்னதும் எனக்குப் புரையேறிவிட்டது. "இனிமே காதுதான் மாப்ளே, பரவாயில்லை, அது போதும்" என்றார். கேட்டேன், சிரித்தேன், மறந்துவிட்டேன்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஊரிலுள்ள பாதிப்பேருக்குப் பார்வை சரிசெய்து கொடுத்திருக்கிறேன். அதைவிட முக்கியமாக, ரசிகர் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர். எங்கள் தலைவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவர் பள்ளியின் மாடியில், சாலை விதிகள் வரைந்த அட்டைகளுக்கு நடுவில்தான் எங்கள் கூட்டம் நடக்கும். கடைசித் தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு முன் கூடியபோது எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது. அந்த ஆட்டத்தில் டிரா செய்தால் தப்பிக்கலாம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்குப் போய் மறுபடியும் அந்தப் பல் டாக்டரைச் சந்திக்க வேண்டும். கறுப்புக் கொடி காட்டலாம் என்றார் ஒருவர். மைதானத்துக்கே போகாமல் இருக்கலாம் என்றார் இன்னொருவர். டிக்கெட் வாங்கியாகிவிட்டதே என்றார் மூன்றாமவர்.

அப்போது என் புத்தி வேலை செய்தது. எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வோம் என்றேன். நம் ஆட்கள் பந்தைத் தொட்டால் வாயைத் திறக்கக் கூடாது. எதிரணி நன்றாக ஆடினால் கைதட்டுவோம். அவர்கள் கோல் போட்டால் நம் கோல் மாதிரியே எழுந்து குதித்து ஆர்ப்பரிப்போம். வாத்தியார் அவமானத்தில் அன்றைக்கே ராஜினாமா செய்துவிடுவார். தலைவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லா கேலரிக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. நாட்டில் ஒரு காரியம் அவ்வளவு ஒற்றுமையாக நடந்து நான் பார்த்ததில்லை.

அன்று பதினோராயிரம் பேர் வந்திருந்தார்கள். முதல் பாதி முழுக்க நம் ஆட்கள் ஓட ஓட நாங்கள் பிடித்துவைத்தது போல் உட்கார்ந்திருந்தோம். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. இடதுபுறம் ஆடும் பொடியன் ஒருவன் மூன்று பேரைத் தாண்டிப் போனபோது என் கால் தானாக எழுந்தது. பக்கத்திலிருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அறுபத்திரண்டாவது நிமிடம் எதிரணி கோல் போட்டது. பதினோராயிரம் பேரும் எழுந்து கத்தினோம் பாருங்கள், கடைசியாக அப்படிக் கத்தி எத்தனை வருடமாயிற்று என்றே தெரியவில்லை. கோல் போட்டவனே பயந்துபோய் எங்களைத் திரும்பிப் பார்த்தான்.

கத்தி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு பலகையைப் பார்த்தோம். நம் அணியின் பூஜ்யம் ஆடியது. ஒரு பக்கம் சாய்ந்தது. டங் டங் என்று பின்னாலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது கழன்று உள்ளே போய், அந்த இடத்தில் கழுவித் துடைத்த ஒன்று வந்து உட்கார்ந்தது. எதிரணிக்குப் பூஜ்யம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தானும் நம் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையடித்தேன். அவர் அடுத்தவரிடம் சொல்ல, கேலரி முழுக்கப் பலகையைப் பார்த்துக் கும்பிடு போட்டது. மூடின ஜன்னலைப் பற்றிய நினைவே எனக்கு வரவில்லை.

அந்தச் சத்தத்தில் வாத்தியாரும் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். மைதானத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார். ஒன்று, பூஜ்யம். எல்லாம் எதிர்பார்த்ததுதான் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்து எழுதினார். எழுதி முடித்ததும் எழுந்து உத்தரவு போட ஆரம்பித்தார். முன்னால் ஆடின இரண்டு பேரை வெளியே கூப்பிட்டுத் தடுப்பாட்டக்காரர்களை உள்ளே அனுப்பினார். மாற்ற முடிந்த ஆட்களையெல்லாம் மாற்றித் தீர்த்தார். நேரத்தைக் கடத்து என்று கோல்கீப்பருக்குச் சைகை காட்டினார். ஒரு கோல் பின்தங்கியிருக்கும் அணியின் கோல்கீப்பர் தரையில் படுத்துக் காலைப் பிடித்துக்கொண்டு உருண்டதை அன்றுதான் பார்த்தேன். வீரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருதிருவென விழித்தார்களே தவிர யாரும் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் வெளியே உட்கார வேண்டுமே. உதவியாளர்கள் இருவரும் வழக்கம்போல் ஆமாம் போட்டார்கள்.

பதின்மூன்று நிமிடம் அப்படியே போனது. எதிரணியின் அதிகாரி ஒருவர் ஆட்சேபித்து, நான்காவது நடுவர் ஒரு போலீஸ்காரரைப் பலகைக்குப் பின்னால் அனுப்பினார். தகடுகள் இடம் மாறின. பூஜ்யம், ஒன்று. வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார். முன்னால் ஆட ஆள் இல்லை. இருக்கிற தடுப்பாட்டக்காரர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் ஓடி ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். ஆட்டம் முடிந்தது. கீழ்ப்பிரிவுக்குப் போனோம்.

அன்று மாலையே வாத்தியார் நிருபர்கள் முன் உட்கார்ந்தார். இந்த முறை பாடம் என்று சொல்லவில்லை. பலகை சதி செய்துவிட்டது என்றார். பலகை தப்பாகக் காட்டியதால் வீரர்கள் குழம்பினார்கள், தன் திட்டம் பாழானது, இல்லாவிட்டால் வெற்றி கையில் இருந்தது என்றார். ஒரு மணி நேரத்தில் அத்தானைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, மூன்று பேர் விசாரணைக் கமிட்டி போட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் அணி தோற்றதற்கு ஒருவர் மேல் நடவடிக்கை எடுத்தது அதுவே முதல் தடவை.

நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் நாற்காலியில் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கோபமாக எதுவும் கேட்கவில்லை. "அந்த முட்டை துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு மாப்ளே. நாலு தட்டு தட்டித்தான் எடுக்க முடிஞ்சுது" என்றார். அவ்வளவுதான். அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுப் போனாள். பூஜ்யத்தைக் கழற்றி ஒன்றை மாட்டிவிட்டு, பலகைக்குப் பின்னால் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். போலீஸ்காரர் வந்து சொன்னபோது கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தாராம்.

"ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கு. இப்ப வெளிய அனுப்பினா தப்பு செஞ்சு போனவர்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள் அக்கா. "உங்க சங்கம் கத்தினதுக்கு என் வீட்டுக்காரர் தலை உருளுது. விசாரணைக்கு நீ கூடப் போற. போய் வாயைத் திறக்கிற."

போகிறேன் என்றேன். சொல்வது சுலபமாக இருந்தது. மறுநாள் தலைவர் என்னை டிரைவிங் ஸ்கூல் மாடிக்குக் கூப்பிட்டு, திட்டமிட்டுக் கத்தினோம் என்று ஒத்துக்கொண்டால் சங்கத்துக்கே தடை வரும் என்று விளக்கினார். அதற்கு அவர் வைத்திருந்த யோசனையே வேறு. அத்தான் வேண்டுமென்றேதான் மாட்டினார் என்று சொல்லட்டும், ஊரே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திரியும், அப்படிப்பட்டவரைச் சம்மேளனம் தொடவே முடியாது. யோசனையோடு நிற்காமல் பதினைந்து மோட்டார் சைக்கிளில் அத்தான் வீட்டு வாசலுக்கே போய் வாழ்க கோஷம் போட்டார்கள். வாத்தியாரைக் கவிழ்த்த வீரர் என்று தட்டி எழுதியிருந்தார்கள்.

கதவைத் திறந்து அத்தான் வெளியே வந்தார். கோஷம் அடங்கும்வரை காத்திருந்தார். "நான் வேணும்னு மாட்டலை. தப்பா மாட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தட்டியோடு நின்றவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கூட்டத்தில் கடைசி வண்டியில் நானும் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

விசாரணை ஸ்டேடியத்தின் கூட்ட அறையில், காலை பத்து மணிக்கு. கமிட்டித் தலைவர் வெகுகாலம் நீச்சல் சங்கத்தில் இருந்தவர். கால்பந்தோடு அவருக்கிருந்த ஒரே தொடர்பு அன்று உட்கார்ந்திருந்த நாற்காலி. ஒரு பக்கம் வாத்தியார், மடியில் நோட்டு. எதிர்ப்பக்கம் அத்தான், இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில். சுவரோரம் நிருபர்கள், அவர்களோடு நான்.

பந்தைப் பார்க்காமல் எப்படி மாட்டினீர்கள் என்று கமிட்டித் தலைவர் கேட்டார். அத்தான் தன் இரண்டு கடிதங்களின் நகலையும் எடுத்து வைத்தார். தலைவர் படித்தார். நாசித்துவாரம் வந்த இடத்தில் ஒரு தடவை வாத்தியாரின் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே படித்தார்.

"சரி, எதை வச்சு நம்ம பக்கம் மாட்டினீங்க?"

"சத்தத்தை வச்சுதாங்க. நம்ம ஜனங்க சத்தம். இருபத்தாறு வருஷமா கேக்கிறேன். அது பொய் சொல்லும்னு எனக்குத் தெரியாதுங்க."

அவர் யாரையும் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. நான் உட்கார்ந்திருக்கும் பக்கம் திரும்பவும் இல்லை. என்னால்தான் உட்கார முடியவில்லை. எழுந்து, கத்தச் சொன்னது நான், யோசனை என்னுடையது, ஜன்னல் மூடியிருப்பது எனக்கு முன்பே தெரியும், பலகையில் தப்பாக இருப்பதைப் பார்த்தும் பதின்மூன்று நிமிடம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நிருபர்கள் எழுதினார்கள். சங்கத்துக்கு நான் செய்த துரோகத்தைப் பற்றி எங்கள் டிரைவிங் ஸ்கூல் தலைவர் இன்றுவரை என்னிடம் பேசுகிறார்.

வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். பார்த்தீர்களா, ரசிகர்களும் சதி, பலகையும் சதி, இத்தனை சதிக்கு நடுவில் ஒரு பயிற்சியாளர் என்னதான் செய்ய முடியும் என்றார். என்னையே ஏமாற்றிவிட்டார்கள், இதோ ஆதாரம் என்று நோட்டைத் திறந்து அவரே வாசித்தார். "அறுபத்திரண்டாவது நிமிடம். நம் கோல். திட்டம் பலித்தது." பக்கத்தைத் திருப்பினார். எழுபத்தைந்தாவது நிமிடத்துக்கு நேராக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். மூன்று வருடத்தில் எங்கள் அணியைப் பற்றி அவர் எழுதியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

கமிட்டித் தலைவருக்குக்கூட ஏதோ இடித்திருக்க வேண்டும், பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அத்தான்தான் பேசினார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஐயா, நான் பலகைக்குப் பின்னால நின்னேன், எனக்கு மைதானம் தெரியலை. நீங்க முன்னாலதானே உக்காந்திருந்தீங்க?"

சுவரோரம் ஒரு நிருபர் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார். வாத்தியார் நோட்டை மூடினார். திறந்தார். புல்லைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அத்தானின் கேள்விதான் தலைப்பு. அந்த வாரம் என் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கண்ணாடி வாங்க வரவில்லை, வாத்தியாருக்கு என்ன பவர் இருக்கும் என்று கேட்கத்தான் வந்தார்கள். பத்து நாளில் உடல்நிலையைக் காரணம் காட்டி அவர் விலகினார். விலகும்போது, இது தனக்கு ஒரு பாடம் என்றார். அத்தானை எச்சரிக்கையோடு மறுபடியும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு மூன்று ஆட்டங்களுக்கு உள்ளே வரத் தடை. அந்த மூன்றிலும் நம் அணி கோல் போடவில்லை என்பதால் எனக்கு நஷ்டமில்லை.

ஜன்னல் விஷயத்தைப் பரிசீலிக்கலாம் என்று கமிட்டி எழுதியிருந்தது. பரிசீலித்தார்கள். பழைய துணியைக் கழற்றிவிட்டு அதே மெத்தைக் கம்பெனியின் புதுத் துணியைக் கட்டினார்கள், புதுப் பயிற்சியாளரின் முகத்தோடு. இவர் பாடம் என்று சொல்வதில்லை, பயணம் என்கிறார். இந்தத் தடவை ஓட்டை அவர் வாயில் விழுகிறதாம்.

நான்காவது ஆட்டத்துக்குப் போனேன். சங்கம் தலைகீழ் விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டது. எதிரணி பெரிய அணி ஒன்றும் இல்லை. நாற்பதாவது நிமிடத்தில் அந்த இடதுபுறப் பொடியன் யார் சொல்லையும் கேட்காமல் தனியாகக் கொண்டுபோய் அடித்தான். வலை ஆடியது. எத்தனையோ ஆட்டங்களுக்குப் பிறகு நம் கோல். நான் கத்தின கத்தில் தொண்டை கிழிந்தது. முன்பின் தெரியாத ஒரு கிழவரைத் தூக்கிச் சுற்றினேன். பிறகு எல்லோரும் பலகையைப் பார்த்தோம்.

பூஜ்யம் அப்படியே இருந்தது.

மாட்டுய்யா, மாட்டு என்று கேலரி கத்தியது. இன்னும் பலமாகக் கத்தினோம், கையைத் தட்டினோம், காலால் தரையை உதைத்தோம். பூஜ்யம் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் பலகையின் ஓரத்திலிருந்து காக்கிச் சட்டை வெளியே வந்தது. ஏணியிலிருந்து இறங்கி, சட்டத்தைச் சுற்றிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே மெதுவாக நடந்து கொடி பிடித்திருக்கும் துணை நடுவரிடம் போய் ஏதோ கேட்டார். அவர் பந்தைக் கவனித்தபடியே தலையை ஆட்டினார். அத்தான் அதே வேகத்தில் திரும்பி நடந்தார், சுற்றிக்கொண்டு போனார், ஏறினார். டங் டங் என்று தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று வந்து உட்கார்ந்தபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. கேலரியில் ஒருவருக்கும் கத்தத் தெம்பில்லை.

ஆட்டம் முடிந்து அத்தானோடு வீட்டுக்கு நடந்தேன். ஒன்றுக்கு ஒன்று, டிரா. எதிரணியின் ஒன்றையும் அவர் இறங்கி நடந்து கேட்டுவிட்டுத்தான் மாட்டினார். பாதி வழியில் என்னால் அடக்க முடியவில்லை.

"அத்தான், இன்னைக்கு நாங்க நெஜமாத்தான் கத்தினோம். உங்களுக்குத் தெரியலையா?"

அவர் என் தோளில் கை வைத்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கும் இதே மாதிரிதான் இருந்துச்சு, மாப்ளே" என்றார்.